இந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்திற்கு

வழிகாட்டுத் துறை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே அந்த மனிதனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஒரே மாதிரி சாம்பல் நிறக் கட்டடங்கள், ஒரே மாதிரி வாசல்கள், ஒரே மாதிரி சைக்கிள் நிறுத்தங்கள். எந்த வாசலிலும் பலகை இல்லை. கடைசியில் தூறலுக்கு ஒதுங்கலாம் என்று ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தவன், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஆளுயரப் பலகை ஒன்றைப் பார்த்தான். 'வழிகாட்டுத் துறை உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று எழுதியிருந்தது.

“ஏங்க, இந்தப் பலகையை வெளியில மாட்டக் கூடாதா?” என்று காவலாளியிடம் கேட்டான்.

“வெளியில மாட்டினா மழையில நனையும்,” என்றார் காவலாளி. “அதுவும் இல்லாம, உள்ள வந்தவங்க படிக்கத்தானே பலகை? வராதவங்களுக்கு எதுக்கு?”

இந்தப் பதிலில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. துறையின் காற்று அப்போதே அவன்மேல் வீசத் தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

“சரி, நீங்க யாரு?”

“வலைத்தளம் செய்ய ஒப்பந்தத்துல வந்திருக்கேன்.”

“வலைக்காரரா? மீனெல்லாம் பின்வாசல் வழியாத்தாங்க வரணும்.”

அவன் மடிக்கணினியைத் திறந்து காட்டி, மீனுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று நிரூபித்த பிறகே மேலே போக முடிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையிலேயே 'வலைக்காரர் (தற்காலிகம்)' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாமும் வலைக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

துறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மற்றத் துறைகளில் எந்த அறைக்குப் போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ஜனங்கள் அல்லாடுகிறார்கள் என்று எவரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். அவர்களுக்கு வழி சொல்வதற்கென்றே இந்தத் துறையைத் தொடங்கினார்கள். அதன்பிறகு அல்லாடுவதற்கு இன்னோர் இடம் கூடியது. இப்போது அதற்கு ஓர் இணையதளம் வேண்டும் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே அல்லாடலாம், பஸ் செலவு மிச்சம்.

வலைக்காரனுக்கு வேலை பிடித்துத்தான் இருந்தது. அவசரம் ஒன்றுதான் உறுத்தல். அவன் மனைவிக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். பாதி நாள் பஸ் பயணத்தில் இருக்கும் வேறோர் ஊரில், அம்மா வீட்டில் இருந்தாள். அந்த ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ஆளை ஊடுருவிப் பார்ப்பது அவளுக்குத் தொழிலும் சுபாவமும். கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வலி வந்தா எனக்குப் பயமா இருக்கும். நீங்க பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான். பூ வேண்டாம், பழம் வேண்டாம், ஆள் வேணும்.”

“கண்டிப்பா இருப்பேன்,” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இயக்குநர் 'பணி நிறைவு' என்று கையெழுத்துப் போடும் முன் வலைக்காரர் ஊரைவிட்டுப் போகக் கூடாது; போனால் செய்த வேலை செய்யாத வேலையாகக் கருதப்படும், வேறு எந்தத் துறையிலும் அவருக்கு வேலை தரப்படாது. கையெழுத்துதானே, முடித்துக் காட்டினால் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

அவன் செய்தது சிக்கலான தளமே இல்லை. சில தளங்கள், நீங்கள் கேட்ட பிறகுதான் பக்கத்தைத் தயார் செய்து தரும். இது அந்த ஜாதி இல்லை, 'ஸ்டாட்டிக்' ஜாதி. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே மொத்தமாக வார்த்து அடுக்கி வைத்துவிடும் ஒரு மென்பொருள். செங்கல் அறுக்கிற மாதிரிதான்: ஓர் அச்சு செய்துவிட்டால் அத்தனை பக்கமும் அதே அச்சில் வந்து விழும். 'குடிநீர்', 'வீடு', 'சாலை', 'இயக்குநர்', 'தொடர்புக்கு' என்று மேலே ஒரு மெனு, எல்லாப் பக்கத்திலும் ஒரே மெனு. எதைச் சொடுக்கினாலும் அந்தப் பக்கம் உடனே வரும். சுருக்கமாக, வேகமாக, அழகாக முடித்துவிட்டான். அந்தத் துறையில் இந்த மூன்றுமே சந்தேகத்துக்கு உரியவை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

தளத்தைத் திரையில் காட்டும் நாளில் மொத்த அலுவலகமும் பெரிய கூடத்தில் கூடியது. இயக்குநர் தாமே கணினியின் எலியைப் பிடித்தார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை, எதையும் பொறுப்பாகச் செய்ய வேண்டும் என்கிற முகம். நல்ல மனிதர்தான், பொறுப்பு அதிகமானால் நல்ல மனிதருக்கும் சில கோணல்கள் வந்துவிடுகின்றன. 'தொடர்புக்கு' என்பதைச் சொடுக்கினார். பக்கம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். உற்சாகத்தில் மறுபடியும் 'தொடர்புக்கு' என்பதையே சொடுக்கினார்.

“ஒண்ணும் நடக்கலையே,” என்றார்.

“நடக்குது சார். அதே பக்கம் திரும்ப வருது.”

“அதே பக்கம் ஏன் வருது? நான் அழுத்தியிருக்கேன். எங்கேயாவது போகணும் இல்லையா?”

“நீங்க ஏற்கெனவே அந்தப் பக்கத்துலதானே இருக்கீங்க, சார்.”

பாவம், வலைக்காரனுக்கு அந்த அலுவலகத்தின் உள்விவகாரம் தெரியாது. பெரிய கூடத்தில் ஜன்னலோரம் உட்காருபவர்கள் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். சுவரோரம் உட்காருபவர்கள் காகிதம் பறக்கிறது என்று மூடச் சொல்வார்கள். இது பல வருடப் பகை. ஜன்னல் பக்கத்துக்குத் தலைமை எழுத்தர் அம்மா தலைவி. சுவர் பக்கத்துக்குச் சட்ட அலுவலர் தலைவர். இயக்குநர் தாம் எந்தப் பக்கமும் இல்லை என்பதைக் காப்பாற்றிக்கொள்ள, தம் நாற்காலியைக் கூடத்தின் நட்டநடுவில், தூணுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து ஒரு வெளியாள், அத்தனை பேர் முன்னிலையில், நீங்கள் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டான்!

ஜன்னலோரத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு பரவியது. சுவரோரத்தில் யாரோ, “எனக்கு அப்பவே தெரியும்,” என்றார்.

“நான் எந்தப் பக்கத்துலயும் இல்லை!” என்று எழுந்து நின்றார் இயக்குநர். “இதை எல்லாரும் குறிச்சுக்கணும்.”

“குறிச்சுக்கிட்டேன், சார்,” என்றார் தலைமை எழுத்தர் அம்மா. அவர் புன்னகைத்தது சுவர் பக்கத்துக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பிறகு தனியறையில் வலைக்காரன் பொறுமையாக விளக்கினான். “எல்லாத்துக்கும் ஒரே அச்சு சார். அதனால ஒவ்வொரு பக்கத்துலயும் அதே பக்கத்துக்கான லிங்க்கும் வந்துடுது. வேண்டாம்னா அச்சுல ஒரு சின்ன நிபந்தனை போட்டுடலாம். தான் இருக்கிற பக்கம்னா லிங்க் வராது, மத்ததுக்கு வரும். அஞ்சு நிமிஷ வேலை.”

“தம்பி,” என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. “அஞ்சு நிமிஷ வேலைன்னு இங்கே யார் காதுலயும் போட்டுடாதீங்க. அஞ்சு நிமிஷ வேலையை அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டா அப்புறம் துறை எதுக்கு? ஒரு குழு போடுறேன். ரெண்டு பக்கத்துலயும் ஆள் போட்டு, முறைப்படி ஆராய்ஞ்சு, அப்புறமா அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வருவோம்.”

போட்டார். 'தன்னைத்தானே சுட்டும் இணைப்புகள் குறித்த ஆய்வுக் குழு' என்று பெயர். சுருக்கமாகத் தன்சுட்டுக் குழு. யார் யாரைச் சுட்டார்கள் என்று காவலாளி மேலே வந்து பதறிப்போய் விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“எப்பங்க இந்தப் பக்கம் வரீங்க?”

“அந்தப் பக்கமாத்தான் பேச்சு நடக்குது,” என்றான் வலைக்காரன்.

“என்னது?”

“இல்ல, சீக்கிரம் வந்துடுவேன். ஒரு சின்ன லிங்க் பிரச்சினை.”

“உள்ள ஒருத்தர் உதைச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு லிங்க் கிங்க் எல்லாம் தெரியாது. பாத்துக்குங்க.”

குழுவின் முதல் கூட்டத்தில் தலைமை எழுத்தர் அம்மா பேசினார். அவர் குரலில் எப்போதும் ஒரு ரப்பர் முத்திரை விழும் சத்தம் இருக்கும்.

“ஒரு இடத்துல இருக்கிறவருக்கு அந்த இடத்தையே காட்டுறது நம்ம துறையோட மரபுக்கு விரோதம். நான் இங்க சேர்ந்த நாள்லேருந்து ஒருத்தரையாவது, 'நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க'ன்னு சொல்லியிருக்கேனா? ஒருநாளும் இல்லை. அடுத்த கட்டடத்துக்கு அனுப்புவேன். அவங்களும் நன்றி சொல்லிட்டுப் போவாங்க. அதுதான் சேவை.”

சட்ட அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதெல்லாம் சரி. ஆனா ஒரு பக்கத்துக்கு மத்த எல்லாப் பக்கத்துலயும் இடம் உண்டு, சொந்தப் பக்கத்துல மட்டும் இடம் இல்லைன்னா, அது சொந்த வீட்டுலேருந்து துரத்துற மாதிரி. நாளைக்கு அந்தப் பக்கம் வழக்குப் போட்டா?”

“பக்கம் எப்படி சார் வழக்குப் போடும்?” என்றான் வலைக்காரன்.

“போடாதுன்னு எழுத்துல தர முடியுமா?”

ஜன்னல் பக்கத்துக்கு அன்று ஓர் ஓட்டு அதிகம் இருந்ததால் இணைப்பை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அச்சை மாற்றினால் எல்லாப் பக்கத்தையும் புதிதாக வார்க்க வேண்டும். அதற்கு முன்அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதம் நல்ல தமிழில் இருக்க வேண்டும். 'ஸ்டாட்டிக்' என்பதற்குத் தமிழ் தேடி அகராதியைப் புரட்டி, வியர்வை சிந்தி, வலைக்காரன் இப்படி எழுதினான்: 'அசையாத் தளத்தை மீண்டும் கட்ட அனுமதி வேண்டுகிறேன்.'

கடிதம் நேராகக் கட்டடப் பிரிவுக்குப் போய்விட்டது.

மறுநாள் ஒரு பொறியாளர், தலைக்கவசமும் அளவு நாடாவுமாக வந்து நின்றார். “எத்தனாவது தளம்?”

“இது இணையதளம் சார்.”

“இணைஞ்ச தளமா? அப்ப ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல வருதா?” என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “பழைய தளம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இடிச்சுக் கட்டுறீங்க?”

“ஒரு வார்த்தை மாத்தணும்.”

பொறியாளர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ காரணங்களுக்காகக் கட்டடங்களை இடித்திருக்கிறார். ஒரு வார்த்தைக்காக இடித்ததில்லை. கடைசியில், அசையாத் தளம் என்பது அசையாச் சொத்துதான் என்று தீர்மானித்து, அதைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, மேலே கூடுதல் பாரம் ஏற்றக் கூடாது என்கிற நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தார். வலைக்காரன் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அந்த அலுவலகத்தில் அவனுக்கு இதுவரை கிடைத்த ஒரே அனுமதி அது.

ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 'குடிநீர்' பக்கத்தில் குடிநீர் இல்லை, 'வீடு' பக்கத்தில் வீடு இல்லை. உள்ளதைச் சொல்கிறது என்று பார்வையாளர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இயக்குநர் மட்டும் தம்முடைய பக்கத்தைத் திறந்து பார்த்தார். தம் படத்தையும் செய்தியையும் கண்குளிரப் பார்த்துவிட்டுத் தற்செயலாக மேலே மெனுவைப் பார்த்தார். அங்கே குடிநீர் இருந்தது, வீடு இருந்தது, சாலை இருந்தது. இயக்குநர் இல்லை.

“வலைக்காரரே!” என்ற குரல் தூணைத் தாண்டி ஒலித்தது. “என் பக்கத்துல நான் எங்கே?”

“சார், நீங்க உங்க பக்கத்துலயே இருக்கிறதால...”

“மறுபடியும் பக்கமா!”

“மத்த எல்லாப் பக்கத்துலயும் நீங்க இருக்கீங்க சார். உங்க பக்கத்துல மட்டும்தான் இல்லை.”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மனிதர். அவருக்கு அந்த வாக்கியம் எங்கேயோ போய்த் தைத்திருக்க வேண்டும். பிறகு, “குழு மறுபடியும் கூடட்டும்,” என்றார்.

கூடியது. இந்த முறை சுவர் பக்கத்தில் யாரும் விடுப்பு எடுக்கவில்லை. இணைப்பு வேண்டாம், ஆனால் பெயர் இருக்கட்டும், தடித்த எழுத்தில் போடலாம் என்றான் வலைக்காரன். அது சரியான யோசனை; ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வது. அதனாலேயே அது எடுபடவில்லை. ஊர் உலகத்தில் செய்வதையே செய்வதானால் குழு எதற்கு என்று கேட்டார் சட்ட அலுவலர். வலைக்காரன் விடவில்லை.

“எங்கே இருக்கோம்னு வந்தவங்களுக்குத் தெரியணும், சார். அவ்வளவுதான் விஷயம்.”

“எங்கே இருக்கோம்னு தெரிஞ்சுட்டா அங்கேயே உட்கார்ந்துடுவாங்க,” என்றார் தலைமை எழுத்தர் அம்மா. “அப்புறம் அவங்களைக் கிளப்புறது யாரு?”

அதிசயமாக ஜன்னலும் சுவரும் அன்று ஒத்துப்போயின. இருக்கும் பக்கத்தைச் சொடுக்கினால் அடுத்த பக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கட்டடப் பிரிவு அனுமதி தர, வலைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தான். தலைமை எழுத்தர் அம்மாவே சோதித்துப் பார்த்தார். குடிநீரில் நின்று குடிநீரைச் சொடுக்கினார், வீடு வந்தது. வீட்டைச் சொடுக்கினார், சாலை வந்தது. சாலையில் நின்று சாலையைச் சொடுக்கினார், இயக்குநர் வந்தார். அவரைச் சொடுக்கித் தொடர்புக்குப் போய், தொடர்பைச் சொடுக்கி மறுபடி குடிநீருக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி கண்ணோரத்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“இதுதான்யா நம்ம துறை,” என்றார். “அப்படியே உரிச்சு வச்சிருக்கு.”

ஆனால் ஜனங்கள் விடவில்லை. வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனால் சாலை வருகிறது, சாலைக்குப் போனால் உங்கள் இயக்குநர் சிரிக்கிறார் என்று புகார்கள் வந்தன. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பதுபோல விவகாரம் மறுபடியும் தன்சுட்டுக் குழுவுக்கே வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் மனைவியின் அழைப்புகளில் கேலி குறைந்துகொண்டே வந்தது. கேலி செய்யாத மனைவியை வலைக்காரனுக்குப் பழக்கமில்லை. கடைசியாகப் பேசியபோது அவள் எதுவுமே கேட்கவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இரண்டு தடவை இயக்குநரிடம் விடுப்புக் கேட்டான். விடுப்பு பற்றிய விவரம் எல்லாம் இணையதளத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். அந்தப் பக்கத்தை இவன்தான் செய்திருந்தான். 'விடுப்புக்கு இயக்குநரை அணுகவும்' என்று அதில் இருந்தது.

குழுவின் அந்தக் கடைசிக் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டது. 'இருக்கும் பக்கம்' என்பதற்கு வரையறை என்ன என்று சட்ட அலுவலர் நீண்ட உரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தர் ஒரு பக்கத்துல இருக்கார்னு நாம எப்படிச் சொல்றது? அவர் பார்த்துக்கிட்டு இருக்கிறதாலயா? கண்ணை மூடிக்கிட்டா அவர் அந்தப் பக்கத்துல இருக்காரா, இல்லையா? நானே இந்தக் கூட்டத்துல இருக்கேன். ஆனா உண்மையிலேயே இருக்கேனா? பல வருஷமா எனக்கே சந்தேகம்தான்.”

வலைக்காரனின் தொலைபேசி அலறியது. அவசரமாக அணைக்கப் போனவன், ஒலிபெருக்கியை அழுத்திவிட்டான்.

“மாப்பிள்ளை!” மாமியாரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். உள்ள போக மாட்டேங்குறா. வாசல்லயே உக்காந்துக்கிட்டு உங்களைத்தான் கேக்குறா. எங்க இருக்கீங்க?”

பின்னாலிருந்து மனைவியின் குரலும் கேட்டது. வழக்கமான குரல் இல்லை, சின்னப் பிள்ளையின் குரல். “வந்துட்டாரான்னு கேளும்மா,” என்றது.

வலைக்காரன் எழுந்து நின்றுவிட்டான். “சார், நான் போகணும்.”

“பணி நிறைவு ஆகலையே,” என்றார் சட்ட அலுவலர், பரிதாபமாகத்தான். “கையெழுத்து இல்லாமப் போனா, செஞ்ச வேலை செய்யாத வேலை. விதி அப்படி. நான் என்ன பண்றது?”

எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் மேசை மேலிருந்த காகித எடையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ரெண்டு பொண்ணுங்க,” என்றார் மெதுவாக. “ரெண்டு பிரசவத்தப்பவும் நான் கூட்டத்துல இருந்தேன். என்ன கூட்டம்னு இப்ப ஞாபகம் இல்லை. வீட்டுல அவ இன்னிக்கும் சொல்லிக்காட்டுவா. ரெண்டாவது தடவையாவது வந்திருக்கலாம்.”

ஜன்னல் திறந்திருந்தது, காகிதங்கள் பறந்தன. சுவர் பக்கத்தில்கூட யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“எழுதிக்குங்க அம்மா,” என்று நிமிர்ந்தார் இயக்குநர். “குழு பல நாள் ஆராய்ஞ்சதுல, ஒரு பக்கத்துல இருக்கிறவர் அதே பக்கத்தைச் சொடுக்கினா அதே பக்கம் வரும்னு கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. அது தப்பில்லைன்னும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. ஆகவே தளம் முதல்ல எப்படி இருந்துதோ அப்படியே இருக்கட்டும். பணி நிறைவு.”

“கட்டடப் பிரிவு அனுமதி?” என்றார் சட்ட அலுவலர்.

“நான் பாத்துக்கிறேன். வலைக்காரரே, பழையபடி மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

வலைக்காரன் வாயைத் திறந்தான். தலைமை எழுத்தர் அம்மா கண்ணால் எச்சரித்தார்.

“ரொம்ப நேரம் ஆகும் சார்,” என்றான்.

“நல்லது. சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்புங்க.”

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவனால் உட்கார்ந்திருக்க முடியாது. ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் தானே பிரேக்கை எடுப்பதுபோலக் காலை உதைத்துக்கொண்டே வந்தான். ஓட்டுநர் ஒருமுறை திரும்பி, “நீங்க ஓட்டுறீங்களா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் அடுத்த இரண்டு நிறுத்தங்களை மறந்துவிட்டார். இறங்க வேண்டியவர்கள்கூட அதிகம் திட்டவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மருத்துவமனைக்குள் ஓடினான். மாமியார் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். “இப்பதான் மாப்பிள்ளை, வம்பு பண்ணி உள்ள கூட்டிட்டுப் போனாங்க. போங்க, போங்க. நீங்க வந்தா விடச் சொல்லியிருக்காங்க.”

நர்ஸ் பச்சை அங்கி ஒன்றை அவன்மேல் மாட்டி, கட்டிலின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். மனைவி கண்களை இறுக்கி மூடியிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, உதட்டைக் கடித்திருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் பிடித்த பிடியில் அவன் விரல்கள் நெரிந்தன.

“வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன். இங்கேதான் இருக்கேன்.”

வலி ஒன்று வந்து போனது. அவள் மூச்சு வாங்கினாள். கண் திறக்கவில்லை.

“என்னங்க?”

“இங்கேதான் இருக்கேன்.”

அடுத்த வலி. அதற்கடுத்த வலி. அலையலையாக வந்தது. ஒவ்வொன்றும் வடியும்போது அவள் அதே குரலில் கூப்பிட்டாள். அவன் கையை அவள் ஒரு கணமும் விடவில்லை. விடாமலேதான் கூப்பிட்டாள். அவனும் அதே பதிலைச் சொன்னான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை தரம் வேண்டுமானாலும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம்.

“என்னங்க?”

“இங்கேதாம்மா இருக்கேன்.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கையையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, அவரை எதுக்கும்மா திரும்பத் திரும்பக் கூப்பிடுறே?”

மனைவி முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

“சும்மாதான்,” என்றாள்.